வக்கீல் ஆபீஸில் முதல் வருஷம்: செட்டிநாட்டுப் பக்கம் சேரும் மாணவருக்கும் ஜூனியருக்கும்

இன்டர்ன்ஷிப் கேட்டு என் ஆபீஸ் படியேறுகிற மாணவர்களில் பாதிப் பேர் முதல் நாளே கேட்பது, "மேடம், சர்டிபிகேட் என்றைக்குத் தருவீங்க?" கேட்பதில் தப்பில்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் வருடத்துச் சட்டக் கல்வி விதிப்படி மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரம், ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி காட்ட வேண்டும். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆக, ஒரு மாணவர் என்னிடம் இருக்கப் போவது அதிகபட்சம் நான்கு வாரம். நம்மூர் பாகப்பிரிவினை வழக்கில் நான்கு வாரத்தில் ஒரு வாய்தாகூட வராமல் போகலாம். அந்த நான்கு வாரத்தில் என்ன கற்றுக்கொள்வது, வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு ஜூனியராக வந்தால் முதல் வருடத்தை எப்படி ஓட்டுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஊருக்குத் தொழில் பழகுவது புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய காலத்தில், பையன் கடைசிப் படியான பெட்டியடிப் பையனாகத்தான் கடைக்குள் நுழைவான். பெட்டியடியில் இருந்து கடிதம் நகலெடுப்பான், பேரேட்டைப் பார்ப்பான், வசூலுக்குப் போவான். அடுத்தாள் ஆவதும் மேலாள் ஆவதும் பிறகு. யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியதில்லை. ஆனால் கடையின் கணக்கு முழுவதும் அவன் கண்ணெதிரே ஓடியது. இன்றைய ஜூனியருக்கு அந்த வசதி இல்லை. காலை பத்தே காலுக்குக் கையில் ஒரு வழக்குக் கட்டைத் திணித்து, "போய் வாய்தா வாங்கிட்டு வா" என்பார்கள். ஒரு வருடம் கழித்து அவருக்கு முந்நூறு வழக்கின் வாய்தா தேதி தெரியும், ஒரு வழக்கின் கதையும் தெரியாது. ஆகவே, எந்த ஆபீஸில் சேர்ந்தாலும் ஒரே ஒரு கட்டையாவது முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

யாரிடம் சேர்வது

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று பக்கத்திலேயே நீதிமன்றங்கள் இருக்கின்றன. மாவட்ட நீதிமன்றம் சிவகங்கையில். கடியாபட்டி, ராயவரம் பக்கம் என்றால் அது புதுக்கோட்டை மாவட்டம், திருமயத்துக்குப் போக வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு மதுரைக் கிளை. 2004 ஜூலை 24 அன்று அது திறந்த பிறகு சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறுகிற பாடு இல்லை.

பெயரைக் கேட்டு சீனியரைத் தேடாதீர்கள். ஒரு வாரம் கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். யார் கட்டைப் படித்துவிட்டு எழுந்திருக்கிறார், யார் எழுந்த பிறகு படிக்கிறார் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும். வராந்தாவில் ஜூனியரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். சேரும்போது மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: கட்சிக்காரர் பேசும்போது நான் கூட இருக்கலாமா, நான் எழுதுவதைத் திருத்தித் திருப்பித் தருவீர்களா, மாதம் என்ன தருவீர்கள்.

மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை ஒட்டி, ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. நம் ஊர்களில் எல்லா ஆபீஸிலும் அது கிடைக்கிறது என்று சொன்னால் கோர்ட் டவாலியே சிரிப்பார். என் கருத்து இதுதான்: முழுத்தொகை முடியாத சீனியர் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், சொன்ன தொகையைச் சொன்ன தேதியில் தர வேண்டும். "பார்த்துக்கலாம்பா" என்று சொல்கிற ஆபீஸுக்கு நானாக இருந்தால் போக மாட்டேன்.

பதிவுக் கட்டணத்தில் குழப்பம் வேண்டாம். வழக்கறிஞர் சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்; அதற்கு மேல் பதிவுக்கென்று வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்த்துவிட்டது. பதிவான இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வை முடித்துவிடுங்கள். வேலை பழகப் பழகப் படிக்கிற நேரம் குறையும், முதல் வாய்ப்பிலேயே எழுதுங்கள். மாணவராக இருக்கும்வரை கழுத்துப் பட்டியும் கவுனும் கிடையாது, நீதிபதி முன்னால் எழுந்து பேசவும் கூடாது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், அல்லது எளிமையான சேலை, சுடிதார் போதும்.

கட்டைப் பிரியுங்கள்

சேர்ந்த முதல் வாரம் முடிந்துபோன ஒரு வழக்கின் கட்டைக் கேட்டு வாங்குங்கள். நடக்கிற வழக்கு வேண்டாம், அது அடிக்கடி கோர்ட்டுக்குப் போய்விடும். பிராதை முதலில் படிக்காதீர்கள். பிராது என்பது வழக்குப் போட்டவர் தனக்கு வேண்டியபடி சொன்ன கதை. முதலில் ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வரி ரசீது என்று பழையது தொடங்கிப் புதியது வரை. ஒரு முழுத்தாளில் தேதியும் நடந்ததும் மட்டும் எழுதுங்கள். அப்புறம் பிராது, எதிர்வழக்குரை. தாளில் நீங்கள் எழுதியதில் எதை இரண்டு பேருமே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் வழக்கு அங்கேதான் இருக்கும்.

அடுத்தது வம்சாவளிப் பட்டியல். நம் பக்கத்தில் பாதி வழக்கு இதில்தான் ஜெயிக்கிறது, தோற்கிறது. பேரனுக்கு ஐயா பெயரை வைப்பதால் ஒரே குடும்பத்தில் நான்கு தலைமுறையில் இரண்டே பெயர்தான் மாறி மாறி வரும். பெயரை நம்பினால் கிறுக்குப் பிடிக்கும். விலாசத்தைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் மூன்று, நான்கு எழுத்தாக நிற்கிறதே, அது அலங்காரத்துக்கு அல்ல, முன்னோர் பெயர்களின் முதலெழுத்து. பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்து எடுத்த, வீட்டில் விலாசம் மாறும். ஒரு பத்திரத்தில் ஒருவர் விலாசம் திடீரென்று மாறியிருந்தால் சுவீகாரம் நடந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் வந்திருந்தார், கெட்டிக்காரப் பையன். எண்பது வயது ஆச்சி ஒருவர் சொல்லச் சொல்ல அவர்தான் குறிப்பெடுத்தார். ஆச்சி "எங்க அப்பச்சி வாங்கின இடம்" என்றார்கள். பையன் வம்சாவளியில் தாய்வழித் தாத்தா பெயருக்கு இடம் விட்டு அந்தச் சொத்தை அங்கே எழுதிவிட்டார். அவர் ஊரில் அப்பச்சி என்றால் அம்மாவின் அப்பா. இங்கே நகரத்தார் வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா. ஒரு சொல்லில் சொத்து ஒரு தலைமுறை மேலே போய், குடும்பமும் மாறிவிட்டது. அன்று சாயங்காலம் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து என் ஆபீஸில் ஒரு பழக்கம்: உறவுமுறையைச் சொன்னால் கூடவே பெயரையும் கேட்டு எழுத வேண்டும். "அப்பச்சின்னா யாரு ஆச்சி, பேரு சொல்லுங்க" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பழைய பத்திரம் படிப்பது தனி வித்தை. "ஷை", "மேற்படி", "வகையறா" எல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். தமிழ் எண்களும் மாகாணி, அரைக்கால் போன்ற பின்னங்களும் ஒரு வாரம் எடுக்கும்; ஒரு அட்டையில் எழுதி மேஜைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் ஜில்லா என்று இருந்தால் மிரள வேண்டாம், சிவகங்கை 1985இல்தான் தனி மாவட்டமானது. திருமயம் பக்கத்துப் பத்திரம் 1948க்கு முந்தையது என்றால் அது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் எழுதியது, முத்திரைத்தாளே வேறாக இருக்கும்.

பெண்களின் பங்கு பற்றிய வழக்கு என்றால் மூன்று தேதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 1989 மார்ச் 25; அன்றைக்கு மணமாகாத பெண்ணுக்குத்தான் அதில் உரிமை. மத்தியச் சட்டத் திருத்தம் வந்த 2005 செப்டம்பர் 9. மணமானவர், ஆகாதவர் என்ற பேதம் அதோடு போனது. மூன்றாவது, 2020 ஆகஸ்ட் 11. 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறையாகப் பாகம் பிரித்துவிட்டார்களா என்றும் பாருங்கள். கல்யாணத் தேதி தகராறானால் இங்கே ஒரு வசதி உண்டு. நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற கல்யாணப் பதிவை எழுதிவைப்பார்கள். "இசைகுடிமானம் இருக்கா?" என்று கேட்கிற ஜூனியரை ஆச்சிமார் தனி மரியாதையோடு பார்ப்பார்கள்.

கட்சிக்காரர் முன்னால்

சும்மா இருங்கள். எழுதுங்கள். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், சட்ட வார்த்தையாக மாற்றாதீர்கள். "என் கொழுந்தன் சாவியை மாத்திப்புட்டான்" என்பதை "அனுபவத்துக்கு இடையூறு செய்தார்" என்று எழுதினால் சாவி மாறிய தேதியைக் கேட்க மறந்துவிடுவீர்கள். அவர் போன பிறகு சீனியரிடம் கேள்வி கேளுங்கள், எதிரே வைத்துக் கேட்காதீர்கள்.

ஒரு கட்டைத் தொடுவதற்கு முன் கட்சிக்காரர் பெயர்களைப் படியுங்கள். சின்ன ஊர்; யாரைத் தொட்டாலும் ஒரு பங்காளி, ஒரு சம்பந்தி வருவார். எதிர்க்கட்சி உங்கள் பெரியம்மா வீட்டு மருமகன் என்றால் அந்தக் கட்டே வேண்டாமென்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆபீஸில் கேட்டது கல்யாண வீட்டுப் பந்தியில் பேச்சாகக் கூடாது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற சட்டம் குமாஸ்தா வரைக்கும் பொருந்தும். பத்திரத்தைப் போனில் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பி "இது என்ன எழுத்து?" என்று கேட்பதும் வெளியிடுவதுதான்.

கோர்ட்டில்

டைரிதான் முதல் புத்தகம். தினமும் சாயங்காலம் வாய்தா தேதியை பெஞ்ச் கிளார்க்கின் புத்தகத்தோடும் ஈகோர்ட்ஸ் செயலியோடும் ஒத்துப் பாருங்கள். இதை நான் அடிபட்டுக் கற்றேன். ஜூனியராகச் சேர்ந்த எட்டாவது மாதம், 11ஆம் தேதி வாய்தாவை 17 என்று எழுதிவிட்டேன். என் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒன்றுபோல இருக்கும். பதினேழாம் தேதி கட்டோடு போய் நின்றால், ஆறு நாளைக்கு முன்பே எங்கள் தரப்பு ஆஜராகாததால் எங்கள் கட்சிக்காரர்மேல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகியிருந்தது. சீனியர் திட்டவில்லை. "ரத்து செய்யக் கோரி மனு போட 30 நாள் இருக்கு, அஃபிடவிட்டை நீயே எழுது" என்றார். கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொண்டு போனேன். அதைக் கிழித்துவிட்டு, "உனக்கா அவருக்கா உடம்பு சரியில்லை? நடந்ததை எழுது" என்றார். தேதியைத் தப்பாகக் குறித்தது நான்தான் என்று என் பெயரிலேயே எழுதித் தாக்கல் செய்தேன். மனு அனுமதியானது, எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டச் சொன்னார்கள். அதைச் சீனியர் என் மாதப் பணத்தில் பிடித்துக்கொண்டார், அதுவும் சரிதான். இப்போதும் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுகிறேன்.

ஃபைலிங் செய்த மனு ரிட்டர்ன் ஆகி வந்தால் வருத்தப்படாதீர்கள், ரிட்டர்னைப் போலப் பாடம் வேறில்லை. கோர்ட் கட்டணம் குறைவு, சொத்து விபரத்தில் நாலெல்லை இல்லை, சம்மன் அனுப்பும் செலவான பேட்டா கட்டவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருப்பார்கள். அவற்றை ஒரு நோட்டில் சேர்த்துவையுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் மனு திரும்பி வராது.

தடையாணை கிடைத்த அன்று ஜூனியருக்குத்தான் வேலை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் கொடுத்த தடையாணை என்றால், மனு, அஃபிடவிட், பிராது, ஆவணங்களின் நகல்களை உடனே அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதாக அன்றோ மறுநாளோ அஃபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 39, விதி 3. சீனியர் வாதாடி வாங்கியதை ஜூனியர் தபாலாபீஸ் போக மறந்து கெடுத்த கதை எல்லா பாரிலும் உண்டு.

தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போடுங்கள். மாவட்ட முன்சீப் தீர்ப்பின்மேல் சார்பு நீதிமன்றத்துக்கு அப்பீல் போக 30 நாள்தான். நகல் தயாராவதற்கு ஆன நாளைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் மனுப் போடாமல் சும்மா இருந்த நாளைக் கழிக்க முடியாது.

கமிஷனர் போகிற நாளில் கூடப் போங்கள்

வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். செட்டிநாட்டு வீட்டு வழக்கில் வழக்கமான புகார் ஒன்று: பங்காளிகளில் ஒருவர் ராவோடு ராவாகத் தூணையும் கதவையும் கழற்றி விற்கிறார். பர்மாத் தேக்கு, விலை போகும். உடனே தடையாணை மனு ஒன்று, உள்ளதை உள்ளபடி பார்த்து அறிக்கை தர வக்கீல் கமிஷனர் கேட்டு ஒன்று என்று இரண்டு மனுப் போடுவோம்.

அப்படி ஒரு வீட்டுக்கு ஒரு மாணவியைக் கூட்டிப் போனேன். முகப்பில் ஒரு பங்காளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், எதுவுமே கழற்றவில்லை என்றார். கமிஷனர் நடு முற்றமான வளவில் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இரண்டாம் கட்டுக்குப் போகும் வாசலில் நின்று சுவரையே பார்த்தாள். சுண்ணாம்புப் பூச்சில் கதவு நிலை இருந்த இடம் மட்டும் சட்டம் போட்டாற்போல வெளுப்பாக இருந்தது. கீழே ஆத்தங்குடிக் கல்லில் புதிதாக இழுத்த கீறல், வாசல் வரைக்கும். "மேடம், இதை எழுதச் சொல்லலாமா?" என்று என் காதில் கேட்டாள். கமிஷனரிடம் மெமோவாக எழுதிக் கொடுத்தோம், அளந்து படமும் எடுத்துக்கொண்டார். நாற்காலிக்காரர் எழுந்து போய்விட்டார். டேப், பென்சில், கட்டமிட்ட தாள் மூன்றும் கொண்டுபோங்கள். வீட்டின் வரைபடத்தை நீங்களே ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால், பிறகு குறுக்கு விசாரணையில் "பட்டாலைக்குக் கிழக்கே" என்று சாட்சி சொல்லும்போது எங்கே நிற்கிறார் என்று தெரியும்.

எழுதிப் பழகுவது

வாரம் ஒன்றாவது எழுதிக் கொடுங்கள்: ஒரு நோட்டீஸ், ஒரு அஃபிடவிட், ஒரு எதிருரை. பழைய மாதிரியைக் கணினியில் திறந்து பெயரை மட்டும் மாற்றாதீர்கள். அப்படி எழுதிய ஒரு பிராதில் தேவகோட்டை வீட்டுக்கு நெல்வயல் நாலெல்லை வந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். திருத்தி வந்த தாளைத் தூக்கிப் போடாமல் உங்கள் தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கோர்ட்டில் தமிழிலேயே எழுதலாம், வாதாடலாம். மதுரைக் கிளைக்குப் போகும்போது பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டும் வரும் ஜூனியருக்கு எந்த ஆபீஸிலும் இடம் உண்டு.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வாரிசுகளிடமிருந்து வரும் பவர் பத்திரம் கைக்கு வந்தால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த தேதியை உறையிலேயே குறித்துவையுங்கள். மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

சீனியர்களுக்கு

நானும் இப்போது சீனியர் என்பதால் எங்களுக்கும் கொஞ்சம். ஜூனியரை வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி ஒதுக்கி, அந்த வாரம் அவர் போன வழக்குகளில் ஏன் அப்படிச் செய்தோம் என்று சொல்லுங்கள். முக்கியமாக, தோற்ற வழக்கைப் பற்றிப் பேசுங்கள். ஆறு மாதம் ஆனவரைச் சின்ன மனுவில் பேசவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். தடுமாறினால் உடனே எழுந்துவிடாதீர்கள். நீதிபதிகளே பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். கட்சிக்காரர் முன்னால் திட்டாதீர்கள். அடுத்த வாய்தாவுக்கு அந்தக் கட்சிக்காரர் ஜூனியரிடம் உண்மையைச் சொல்ல மாட்டார். பெண் ஜூனியர் என்றால் அவர் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை, முதல் வாரம் கொடுத்த கட்டை மூடி வைத்துவிட்டு, அந்த வழக்கைப் பத்து வாக்கியத்தில் சொல்லச் சொல்வேன். பார்த்துப் படிக்கக் கூடாது. பெயர் தப்பலாம், தேதி தப்பக் கூடாது. போன மே மாதம் வந்த ஒருவர் ஆறாவது வாக்கியத்தில் நின்றுவிட்டார். சுவீகாரம் எந்த வருடம் என்று வரவில்லை. கட்டை மறுபடி கையில் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் வந்து, வாசலில் நின்றபடியே பத்தையும் சொன்னார். பேனா காருக்குள் இருந்ததால் கையெழுத்து மட்டும் சாயங்காலம்தான் போட்டேன்.